சொல்லாத விண்ணப்பம்

மே மாதத்திலிருந்து ஒவ்வொரு புதன்கிழமை ஜெபக்கூட்டத்திலும் வெர்லின் கையைத் தூக்கி ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொல்லாத விண்ணப்பம் ஒண்ணு இருக்கு, பாஸ்டர்."

எங்கள் சபையில் ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் தோண்டிக் கேட்கக் கூடாது. விஷயம் ஆண்டவருக்குத் தெரியும், அது போதும் என்று கண்ணை மூடி ஜெபிக்க வேண்டும். மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலைப்பக்கத்தில் அந்த ஒழுங்கை யாரும் மீறியதில்லை. ஆனால் ஊகிக்கக் கூடாது என்று எந்த வசனத்திலும் இல்லையே.

ஊகிப்பதில் என் நாத்தனார் ஓபலை மிஞ்ச ஆளில்லை. என் கணவர் கார்ல் இறந்துபோன பிறகும் என்னை ஒரு நாள்கூடத் தனியாக விடாதவள். நல்ல மனம், பெரிய வாய்.

"நெல்டா, கேட்டியா? வெர்லின் அவர் மீன்பிடிப் படகை அண்ணன் மகனுக்குச் சும்மா தூக்கிக் குடுத்துட்டாராம். இருபது வருஷமா புள்ள மாதிரி வெச்சிருந்த படகு! ஒரு ஆம்பள எப்ப படகைக் குடுப்பான்? டாக்டர் ஏதாவது சொன்னாத்தான்."

"ஓபல், வாயைக் கழுவு."

"மொகத்தைப் பாத்தியா நீ? உப்பிப் போயிருக்கு. அது சதை இல்லடி, நீர். கிட்னி."

ஜூன் மாதம் ஓபல் முடிவு செய்தாள். ஜூலைக்குள் சபை முழுவதும் முடிவு செய்துவிட்டது. வெர்லின் வீட்டுக்கு மூடி போட்ட பாத்திரங்கள் வரிசையாகப் போகத் தொடங்கின. கோழியும் நூடுல்ஸும், பன்றித் தொடைக்கறி, பீச் பழம் வைத்துச் சுட்ட பை. ஒரே ஆளாக அவ்வளவையும் சாப்பிட்டு, பாத்திரங்களைப் பளபளவென்று கழுவி, ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொண்டுவருவார். முகம் இன்னும் உப்பும். அதைப் பார்த்து நாங்கள் இன்னும் அதிகமாகச் சமைப்போம்.

என் முறை வியாழக்கிழமை. பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு போவேன். வெர்லினின் மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனிதர், ஆனால் வாசல்படியில் நின்றபடி என்னோடு மட்டும் அரைமணி நேரம் பேசுவார். பேருந்தில் குழந்தைகள் செய்யும் சேட்டைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். ஒரு வியாழக்கிழமை திரும்பி வரும்போது நான் காரில் பாடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். ஐம்பத்து நாலு வயதில், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் தாளம் போட, சத்தமாக.

அன்றைக்குத்தான் பயம் வந்தது.

கார்லின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி நாற்காலியில் பதினொரு வாரம் உட்கார்ந்தவள் நான். அது முடிந்த நாளன்று ஆண்டவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: இன்னொரு முறை என்னை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதேயும். புதன்கிழமைகளில் மே மாதத்திலிருந்து செய்வதுபோலவே வெர்லினுக்காக மனம் உருகி ஜெபித்தேன். "ஆண்டவரே, அந்த மனுஷன் கேட்கிறதைக் கொடுத்துவிடும்" என்று கண்ணீர் விட்டேன். வியாழக்கிழமைகளிலோ பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் ஓடி வந்தேன். செப்டம்பர் முழுவதும் அப்படித்தான்.

அக்டோபர் வந்தது. எதிர் மலை முழுவதும் சிவந்து, மஞ்சளாகி, சபைக்கு ஆப்பிள் பட்டர் கிண்டும் நாளும் வந்தது. பெயரில் மட்டும்தான் வெண்ணெய். மற்றபடி ஆப்பிளும் பட்டையும் சர்க்கரையும் நாள் முழுக்க வேக வேண்டிய வேலை. வெள்ளிக்கிழமையே பெண்கள் எல்லோரும் சபையின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பழம் நறுக்கினோம்.

இதற்கு நல்ல ஆப்பிள் வாங்க மாட்டோம். நல்ல பழத்தைப் பெட்டியில் அடுக்கி வைத்தால் ஜனவரிக் குளிர்வரை அப்படியே இருக்கும். கொப்பரைக்குப் போவதெல்லாம் மரத்திலிருந்து விழுந்து, ஒரு பக்கம் கன்றிப்போன பழம்தான். கன்றிய இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைப் போடுவோம்.

நாற்பதாவது பழமோ ஐம்பதாவதோ, கத்தி என் கையில் நின்றுவிட்டது. கார்ல் போன நாளிலிருந்து நான் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது கெடாத பழத்தை. அடிபடாத, விழாத, என்னைவிட்டுப் போகாத ஒரு மனிதனைத் தந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்கிறேன். அப்படி ஒரு மனிதனை அவர் எங்கே படைத்தார்? கார்லும் அப்படி இல்லை. நானும் அப்படி இல்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வேறு. என்னையும் யாராவது கன்றிய இடத்தை வெட்டிவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"என்னடி, பழத்தைப் பாத்து அழுவுற?" என்றாள் ஓபல்.

"பட்டை காரம்."

"பட்டையை இன்னும் பிரிக்கவே இல்லையே!"

நான் எழுந்துபோய், மறுநாள் யார் யார் கிண்டுவது என்று சுவரில் ஒட்டியிருந்த முறைப் பட்டியலில் பதினொரு மணிக்கு வெர்லின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். பின்னால் பதினாறு பெண்களின் கத்திகளும் ஒரே நேரத்தில் நின்றன.

சனிக்கிழமை காலை சபை முற்றத்தில் செப்புக் கொப்பரையின் கீழே நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது. கிண்டும் துடுப்பின் காம்பு இரண்டு ஆள் நீளம். இருவர் சேர்ந்து பிடித்து, ஓரமாக இரண்டு சுற்று, நடுவில் ஒரு இழுப்பு என்று கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் நிறுத்தினாலும் அடிப்பிடித்துவிடும். பதினொரு மணிக்கு நானும் வெர்லினும் காம்பைப் பிடித்தோம். ஓபலும் மற்றவர்களும் காதுக்கு எட்டாத தூரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். எட்டாத தூரம் என்று நான்தான் நினைத்தேன்.

நாலாவது சுற்றில் நான் ஆரம்பித்தேன்.

"வெர்லின், அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப நானும் வரேன்."

"டாக்டர்கிட்டயா?"

"எனக்கு எல்லாம் தெரியும். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கு அந்த நாற்காலின்னா பயம். ஆனா நீங்க அங்க தனியா படுத்திருக்கறதை நெனச்சா அதைவிட பயமா இருக்கு. எத்தனை நாள்னு ஆண்டவர் குடுக்குறாரோ அத்தனை நாளும் நான் கூட இருக்கேன். நீங்க சம்மதிச்சா, உங்க மனைவியாவே இருக்கேன்."

துடுப்பு நின்றுவிட்டது.

"நெல்டா," என்றார் வெர்லின் மெதுவாக. "எனக்கு என்ன நோய்?"

"கிட்னி இல்லையா?"

"கிட்னி நல்லாத்தானே இருக்கு!"

"அப்ப மே மாசத்துலேருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் கை தூக்கினீங்களே?"

அவர் காது இரண்டும் எதிர் மலை நிறத்துக்கு வந்தன. "அது... உங்களை நான் கல்யாணம் பண்ணிக்கணும்னு. அதைக் கேக்க தைரியமும், நீங்க சரின்னு சொல்ற மனசும் வேணும்னு. எப்படிங்க அதைச் சபையில எழுந்து நின்னு சொல்றது? நீங்க மூணாவது வரிசையில உக்காந்திருந்தீங்க."

"படகு?"

"தண்ணின்னா பயம்னு நீங்கதானே சொன்னீங்க. படகு வெச்சிருக்கறவனை எப்படிக் கட்டிப்பீங்க?"

"முகம் ஏன் இப்படி உப்பியிருக்கு?"

"ஊரே சேந்து சாப்பாடு போட்டா உப்பாதா? நானும் யோசிச்சேன், எதுக்கு இவ்வளவு குடுக்குறாங்கன்னு. சரி, அன்பான சபைன்னு நெனச்சுக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று புதன்கிழமை. இருபத்து மூன்று முறை நான் முழங்காலில் நின்று, அந்த மனுஷன் கேட்கிறதைக் கொடுத்துவிடும் என்று அழுதிருக்கிறேன். என்னையே கொடுத்துவிடும்படி நானே மன்றாடியிருக்கிறேன். மேலே அவர் எப்படிச் சிரிப்பை அடக்கினாரோ!

வெர்லின் சிரிக்கவில்லை. "செப்டம்பர்ல நீங்க கதவைத் தட்டுறதை நிறுத்திட்டீங்க. வியாழக்கிழமை கதவுக்குப் பின்னாடி காத்துக்கிட்டு நிப்பேன். கார் போற சத்தம்தான் கேக்கும். இதுதான் ஆண்டவரோட பதில் போலன்னு நெனச்சேன்."

"பயந்தாங்கொள்ளியோட பதில் அது. அவரோடது இல்ல."

"அடிப்பிடிக்குது! வாசம் வருது!" என்று ஓபல் கூவிக்கொண்டே ஓடி வந்தாள். "துடுப்பை ஆட்டுங்க ரெண்டு பேரும்! அட, கிட்னி வியாதி இல்லையா உங்களுக்கு? அப்ப நாலு மாசமா நான் கோழி வறுத்துக் குடுத்தது ஒரு குத்துக்கல்லுக்கா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு, சிஸ்டர் ஓபல்."

"நல்லா இருக்காம பின்ன?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் அவள் என் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு, மற்றவர்களிடம் செய்தி சொல்ல விரைந்தாள்.

நாங்கள் கிண்டினோம். ஓரத்தில் கொஞ்சம் புகை வாசம் ஏறிவிட்டது. மேப்பிள் இலை ஒன்று கொப்பரைக்குள் விழுந்தது. வெர்லின் அதைத் துடுப்பால் பக்குவமாக எடுத்து வெளியே போட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நெல்டா, என்னை நோயாளின்னு நெனச்சு சொன்னீங்க. நான் நல்லா இருக்கேன். இன்னும் முப்பது வருஷம்கூட இருந்து தொலைப்பேன். வேணும்னா சொன்னதை வாபஸ் வாங்கிக்கலாம்."

"சாகப் போறவருக்கே சரின்னுட்டேன். குறட்டை விட்டுக்கிட்டு முப்பது வருஷம் இருப்பேன்னு பயமுறுத்தினா ஓடிடுவேனா?"

"நான் குறட்டை விடறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல."

அவர் சிரித்த சிரிப்பில் காம்பு கையிலிருந்து நழுவியது. அவர் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை, ஓரமாக இரண்டு சுற்று, நடுவில் ஒரு இழுப்பு என்று நான் தனியாகவே கிண்டினேன்.