சிமென்ட் தின்ற ரேகை

பேங்க் ஏஜென்ட்டாகவும் இருக்கும் மளிகைக் கடைக்காரிதான் எங்கள் ஊருக்கு பேங்க். கடன் கேட்பவர்கள் அவள் கல்லாவுக்குப் பக்கத்திலிருக்கும் ரேகை மெஷினில் விரல் வைக்க வேண்டும்.

சிமென்ட் கல் வார்க்கும் அக்கா, கல் வார்க்கிற பழைய மெஷின் ஒன்று வாங்கக் கடன் கேட்டு வந்தாள். ஒரு விரலும் பதியவில்லை.

“என்னக்கா, பத்து விரலும் வழவழன்னு இருக்கு! சிமென்ட் தின்னுடுச்சா?”

“லேட்டானா விக்கிறவரு மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாரேம்மா!”

“ஒரு வாரம் சிமென்ட்டைத் தொடாம எண்ணெய் தடவுங்க. ரேகை வந்துடும்.”

“கலவை யாரு போடுறது?”

வண்டியில் கல் கொண்டுபோய் விற்கும் அவள் புருஷன் வாசலிலிருந்து சொன்னார்: “நான் போடுறேன். நீ மகாராணி மாதிரி உக்காரு.”

“நீங்க வார்த்த கல்லு நிக்குமா?”

“உன்கிட்டயே இத்தனை வருஷம் நின்னவன்டி நான்!”

அடுத்த வாரம் அக்காவின் விரல் உடனே பதிந்தது. கடைக்காரிக்கு அவளைவிடச் சந்தோஷம்.

“மாமா, ஜாமீனுக்கு உங்க விரலையும் வைங்க.”

அவர் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் நுனியெல்லாம் வெடிப்பு.

“எண்ணெய் தடவலையா நீங்க?”

“அது உனக்கு வாங்கினதுல்ல?”

 அக்கா பிடித்த கையை விடவில்லை.

கடைக்காரி மெஷின் விற்பவருக்குப் போன் போட்டாள். “அண்ணே, மெஷினை யாருக்கும் குடுத்துடாதீங்க. இன்னும் ஒரு வாரம். இவங்களுக்கு நான் பொறுப்பு.” பிறகு எண்ணெய் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தாள். “இது மாமாவுக்கு. இந்த வாரம் ரெண்டு பேருமே கலவையைத் தொடக்கூடாது.”