சில்லுக்கு ஒரு கட்டை

அப்துல் ஸமதின் லேண்ட்மாஸ்டர் உழவு வண்டிக்கு றிஸ்கான் மூன்றரை லட்சம் என்று விலை சொன்னபோது, ஸமதைக் குளிப்பாட்டிக்கூட முடித்திருக்கவில்லை. பலாபத்வலையில் பழைய வாகனம் வாங்கி விற்கிற மனுசன். மரண வீட்டுக்கு வந்தாலும் கண் முதலில் வண்டிச் சில்லைத்தான் பார்க்கும்.

"வெல கேக்கல்ல தம்பி, சும்மா சென்னேன்" என்றான் ஸமதின் மகன் றம்ஸீனிடம்.

உள்ளறையில் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்த ஸமதின் மனைவி ஹமீமாவுக்கு ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது. அவள் கடைக்காரர் மகள். எந்தப் பொருளையும் வரவு செலவில் வைத்துப் பார்க்கப் பழகியவள். இதை மட்டும் எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியவில்லை.

நேற்று உழவு முடிந்து வந்த ஸமத், நெஞ்சு இறுக்குகிறது என்று அந்த இரண்டு சில்லு வண்டியைப் பாதை நடுவிலேயே விட்டுவிட்டு வந்தார். விடியுமுன் மௌத்தாகிவிட்டார். பாதைக்கு ஒரு பக்கம் மதில், மறுபக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான். வண்டி விலகினால்தான் மையித்தைத் தூக்கும் சந்தூக்கு போகும். பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம்.

"கீழ ரோட்டு வரைக்கும் எறக்கிட்டா பலகை வெச்சு என்ட லொறியில ஏத்திரலாம். வெலய பொறகு பேசுவோம்" என்றான் றிஸ்கான். அவன் வாயில் 'பொறகு' வந்தால் ஐம்பதாயிரம் குறைந்தாயிற்று என்று பொருள்.

இழுவைப் பெட்டி பூட்டாத லேண்ட்மாஸ்டருக்கு பிரேக் இல்லை. ஹமீமாதான் பிரேக். இறக்கத்தில் பலாக்கட்டையோடு பக்கத்தில் நடப்பாள். ஸமத் திரும்பிப் பார்க்காமலே, "ஹமீமா, கட்டை" என்பார். சில்லுக்கு முன்னால் வைப்பாள். ஒரு நாளைக்கு அவர் அவளோடு பேசியதில் பாதி அதுதான்.

வெளியே இஞ்சின் பிடித்தது. ஸமதோடு வயலில் நின்ற இருளாண்டியின் குரல்: "தம்பி, எறக்கத்துல எல்லாம் தலைகீழுங்க. எடப்பக்கம் திரும்பணும்னா வலது கிளச்ச புடிங்க."

"தெரியும் தெரியும்" என்றான் உக்குவளையில் துணிக்கடை வைத்திருக்கும் றம்ஸீன்.

தெரிந்தது கைக்கு வரவில்லை. வண்டி கானைப் பார்த்துத் திரும்பியது.

"கட்டை! கட்டை!"

அச்சாக அவன் வாப்பாவின் தொண்டை.

ஹமீமா எப்போது எழுந்தாள், கதவுக்குப் பின்னாலிருந்து கட்டையை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. படி இறங்கினாள், சில்லுக்கு முன்னால் வைத்தாள், குதிகாலால் ஓர் உதை. கானுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. ஆண்கள் மதில் பக்கம் பார்த்தார்கள். "புருசன் மௌத்தான இத்தாவுல, ஆம்புளைகளுக்கு முன்னால..." என்று தொடங்கிய பக்கத்து வீட்டு றிப்னா மீதியை விழுங்கிக்கொண்டாள்.

ஹமீமா நிமிர்ந்து கைப்பிடியைப் பார்த்தாள். அங்கே மகன் நின்றான்.

"உம்மா, உள்ளுக்குப் போங்க."

போனாள்.

இருளாண்டி கட்டையோடு பக்கத்தில் நடக்க, வண்டி இறங்கியது. அஸருக்கு அதே வழியில் சந்தூக்கும் இறங்கியது. ஜன்னலிலிருந்து திருப்பம் வரைக்கும்தான் தெரியும். அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு, வந்தவர்கள் கலைந்தார்கள். "காலையில வாறேன் உம்மா, புள்ளைகள் தனிய" என்று மகனும் போனான்.

இருளாண்டி மட்டும் வாசலில் நின்றான். கையில் கட்டை.

"அக்கா, இதுவும் லொறியோட போகப் பாத்துச்சு. றிஸ்கான் மொதலாளிகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"சும்மா குடுத்தாரா?"

"வெல சொல்ல வாயெடுத்தாருங்க. நான் நிக்கல்ல."

அவள் முகத்தில் என்னவோ அசைந்தது. படியில் கட்டையை வைத்துவிட்டு அவன் இறங்கிப் போனான்.

ஹமீமா அதைத் துடைத்து, கதவுக்குப் பின்னால் பழைய இடத்தில் சாய்த்து வைத்தாள். கடைக்காரர் மகள் புத்தி தானாகக் கூட்டிப் பார்த்தது.

இன்றைக்குப் பாதையில் இறங்கியது: ஒரு மனுசன், ஒரு வண்டி, ஒரு கட்டை.

திரும்பி ஏறியது: கட்டை.