தள்ளுவண்டி போகும் பாதை

மலைகளைப் பற்றி ஒன்பது வருடமாக எழுதிவருகிறேன். மலைக்குப் போனது இந்தக் கோடையில்தான்.

சுற்றுலா அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் எனக்கு ஜன்னலோர மேஜை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ‘பனி தவழும் சிகரங்கள்’ என்று எழுதிவிடும் திறமை எனக்கு உண்டு. ‘குட்டிக் கால்களுக்குப் பத்து மலைப் பாதைகள்’ என்று வருடாவருடம் கோடைக்கு முன் வரும் கையேடு என் கைவண்ணம்தான். செய்முறை சுலபம். பெரிய வரைபடத்தில் பாதையின்மேல் ஒரு நூலை வளைவுக்கு வளைவு ஒட்டி வைப்பேன். பிறகு அதை நீட்டி ஸ்கேலால் அளந்து, பஸ் நிறுத்தத்திலிருந்து அலுவலகத்துக்கு நான் நடக்கும் வேகத்தால் வகுப்பேன். நேரம் கிடைத்துவிடும். வரைபடம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் நெளிநெளியாகக் கோடுகள் ஓடும். அச்சகத்துக்காரர் அழகுக்காகப் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நெருக்கமாக இருந்த இடங்கள் எனக்கு இன்னும் அழகாகவே தெரிந்தன.

என் மூத்தவளுக்கு ஆறு வயது. கேட்கிற கேள்விகளுக்காக வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். இந்த வருடம்தான் தடங்கலில்லாமல் படிக்கப் பழகினாள். அவள் முதன்முதலாக முழுசாகப் படித்து முடித்த பக்கம் என் கையேட்டின் ஏழாம் பாதை. “நாற்பது நிமிட நடை. மூன்று வயதுக் குழந்தையும் நடக்கலாம். கைக்குழந்தையின் தள்ளுவண்டி போகும். முடிவில், கோடை வெயிலுக்கு இதமாக அருவியில் ஆசைதீர நனையலாம்.”

“இதை நீயாப்பா எழுதின?”

“ஆமா.”

“எல்லாம் நிஜமா?”

“பின்னே?”

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் மவுசு ஏறிவிட்டது. மழை வருமா, கத்தரிக்காய் வெந்ததா, எந்த வழக்கு வந்தாலும், “அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று தீர்ப்பு. என் முப்பத்தெட்டு வருட வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் மேலதிகாரி இதற்கு நேரெதிராக எழுத்திலேயே கொடுத்திருக்கிறார். எப்படியாவது அந்தத் தீர்ப்பைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. அவளோ விடுமுறைக்கு ஏழாம் பாதைதான் வேண்டும் என்று நின்றாள். அருவியில் நனையப்போவதாக வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாளாம்.

மனைவிக்கு நூல் சமாச்சாரம் தெரியும். அது அவள் தையல் பெட்டி நூல்.

பாதை ஆரம்பித்த இடத்திலேயே, வரைபடத்தில் கோடுகள் நெருங்கி அழகாக இருந்த அதே இடத்தில், செங்குத்தாக எழுந்து நின்றது. மூன்று வயது இளையவன் சரியாகப் பதினோரு அடி நடந்துவிட்டுக் கையைத் தூக்கினான். அவனுக்கு மூட்டை என்று பெயர் வைத்தது வீண்போகவில்லை. என் தோளில் ஏறிக்கொண்டு காதைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டான்.

“அப்பா, நாப்பது நிமிஷம் ஆயிடுச்சா?” என்றாள் வக்கீல்.

“கிட்டத்தட்ட.”

“ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு” என்றாள் மனைவி.

“மலையில நேரம் கொஞ்சம் மெதுவா போகும்” என்றேன். மனைவி அவசரமாகத் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தாகம் இல்லை.

அடுத்த திருப்பத்தில் படிப்படியாகப் பாறைகள். அங்கே ஒரு தள்ளுவண்டி எங்களுக்கு முன்னால் தலைகீழாக மேலேறிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு மனிதர் இருந்தார். பின்னால் அவர் மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு.

எங்களைப் பார்த்ததும் அவர் வண்டியைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார். “நான் பஸ் டிரைவர் சார். இருபது வருஷ சர்வீஸ். எந்த வண்டியையும் எந்த ரோட்டுலயும் ஏத்திடுவேன். இந்த வண்டி என்னைத் தோக்கடிச்சிடுச்சு.” பின்பாக்கெட்டிலிருந்து நன்றாகத் தெரிந்த ஒரு கையேட்டை உருவினார். “தள்ளுவண்டி போகும்னு எழுதியிருக்கான் பாருங்க. எழுதினவன் மட்டும் கையில கெடச்சான், அவனை இதுல உக்காரவச்சு மேலேர்ந்து ஒரு தள்ளு. அப்பப் போகும் வண்டி!”

“ச்சே, பொறுப்பில்லாத ஆளுங்க” என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் வக்கீலின் முகத்தைப் பார்த்தேன்.

“அப்பா, அது நீதானே எழுதின?”

மலையில் அமைதி என்று நான் பத்துப் பாதைக்கும் எழுதியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

“அது... அச்சுப் பிழையா இருக்கும்மா.”

“அருவியும் அச்சுப் பிழையா?”

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. வண்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். “பிடிங்க சார். எழுதினவரே போகவைக்கட்டும்.” மூட்டையை மனைவி வாங்கிக்கொண்டாள். நான் வண்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

மேலே போய்ச் சேர்ந்தோம். உயரமான பாறை. அதன்மேல் பச்சையாக ஒரு பாசிக் கோடு. கோட்டின் முனையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இன்னொன்று. கையேட்டில் இருக்கும் படம் மழைக்காலத்தில் எடுத்தது. அது எனக்குத் தெரியும். கோடையில் அருவி என்ன செய்யும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

வக்கீல் நீச்சல் உடையை உள்ளே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உள்ளங்கையை நீட்டி ஒரு சொட்டை வாங்கினாள். அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“நீ இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கியா?”

வண்டிக்கு அடியிலிருந்து பொய் சொல்வது சுலபம். முகம் தெரியாது. வண்டியை இறக்கி வைத்தேன்.

“இல்லம்மா.”

“ஒரு தடவைகூட?”

“ஒரு தடவைகூட இல்ல. மேப்ல நூலை வச்சு அளந்தேன்.”

“நூலா!” என்று டிரைவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் கைக்குழந்தையும் சிரித்தது, துரோகி. வக்கீல் சிரிக்கவில்லை. போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கும்போது எல்லாக் கேள்வியும் அம்மாவுக்கே. இது என்ன பூ, பசிக்க எவ்வளவு நேரமாகும், எல்லாம். நான் தலையில் வண்டியோடு கடைசியில் வந்தேன். பாதையை ஒரு ஓடை குறுக்கே வெட்டும் இடத்தில் மனைவி மூட்டையோடு அக்கரை போய்விட்டாள். டிரைவர் குடும்பம் இன்னும் பின்னால். வக்கீல் ஈரக் கற்களின் முன் நின்றாள். சுற்றிப் பார்த்தாள். கேட்பதற்கு ஆள் நான் மட்டும்தான் இருந்தேன்.

“வழுக்குமா?”

வழுக்காது, தைரியமா வை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“தெரியாதும்மா.”

அவள் திரும்பி என்னை முழுசாகப் பார்த்தாள். “உனக்குத் தெரியாதா?”

“தெரியாது. மிதிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

“அப்ப நீ மொதல்ல போ.”

போனேன். இரண்டாவது கல்லில் கால் எங்கோ போக, நான் இடுப்பளவு நனைந்து ஓடையில் உட்கார்ந்தேன். வண்டி என் மடியில் உட்கார்ந்தது. அக்கரையில் மனைவி இந்தத் தடவை தண்ணீர் பாட்டிலைத் தேடவில்லை. நேராகவே சிரித்தாள்.

“ரெண்டாவது கல்லு வழுக்குது!” என்று வக்கீல் பின்னால் வந்த டிரைவருக்கு உரக்க அறிவித்தாள். பிறகு பக்கத்துக் கல்லில் ஒரு காலை வைத்தாள். அழுத்தினாள். மறுகாலையும் வைத்து ஒரு குதி குதித்தாள். குனிந்து எனக்குக் கை நீட்டினாள்.

“இது வழுக்கல. நான் பாத்துட்டேன். எந்திரிப்பா.”