ரவிக்கைத் துணிப் போர்வை

பூங்காவனத் தெருவில், தாம்பூலத்தோடு வரும் ரவிக்கைத் துணி எந்த வீட்டிலும் நிலையாகத் தங்காது. அடுத்து எந்த வீட்டில் விசேஷமோ, அன்று விடியற்காலையில் தானாக எழுந்து, மடிப்பைச் சரிசெய்துகொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடும். அங்கே வெற்றிலை பாக்கோடு யாராவது ஒரு விருந்தாளிக்குக் கொடுக்கப்படும். யாரும் தடுத்ததில்லை. எந்தப் புடவைக்கும் ஒத்துப்போகாத கிளிப்பச்சையையும் ஊதாவையும் பிடித்துவைத்து என்ன செய்வது?

செண்பகவல்லிதான் பிடித்துவைத்தாள். அவள் மகள் வெண்ணிலாவுக்குக் கோத்தகிரியில் தேயிலை ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. வெண்ணிலா தூக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளுகிறவள். பிறந்ததிலிருந்து செண்பகவல்லிதான் எடுத்து மூடிவிடுவாள். மலைக்குளிரில் யார் மூடுவார்கள்? இந்தக் கவலையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உதைத்தாலும் நகராத கனத்தில் ஒரு போர்வை தைப்பதென்று முடிவு செய்தாள். வீட்டுக்கு வந்த துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, கணவர் ஆறுச்சாமியின் பழைய வேட்டிகள்மேல் அடுக்கித் தைத்தாள். அதுவரை பித்தானைத் தவிர எதையும் தைத்தறியாதவள். தையல் தன் இஷ்டத்துக்குப் போனது. அவள் பின்னால் போனாள்.

அடுத்த வீட்டு ராஜகுமாரி மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, எங்கூட்டுக்கு வர வேண்டிய ஊதா ஒண்ணு வரலீங்களே?"

"அது போர்வையாயிருச்சு."

"அப்பச் செரிங்க."

போர்வை ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் குட்டையாக முடிந்தது. வெண்ணிலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம்மா தலை?" என்று கேட்டாள். ஆனாலும் எடுத்துக்கொண்டுதான் போனாள்.

ராஜகுமாரி வீட்டுப் புதுமாடிக்குப் பால் காய்ச்சிய அன்று விடியற்காலையில், கோத்தகிரியில் போர்வை எழுந்தது. உள்ளே வெண்ணிலா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளையும் சேர்த்தே மடித்துக்கொண்டு, வளைவுகளில் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு, மலையிறங்கி வந்து சேர்ந்தது.

"அக்கா, உங்க புள்ள எங்கூட்டுத் தட்டுல வந்திருக்குதுங்க" என்றாள் ராஜகுமாரி.

செண்பகவல்லி முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். ஆனால் தாம்பூலத்தில் இன்னதுதான் வேண்டும் என்று கேட்பது மரியாதையில்லை. தாம்பூலம் வாங்குகையில் அவளை முந்திக்கொண்டு நின்ற தபால்காரர் மனைவிக்கு வெண்ணிலா கிடைத்தாள். செண்பகவல்லிக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணம் வந்தது. வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

"கிண்ணம் நல்ல கனம்" என்றார் ஆறுச்சாமி.

அதன்பிறகு அவள் அழைத்த விசேஷம், அழைக்காத விசேஷம் ஒன்றையும் விடவில்லை. சீப்பும் குங்குமச் சிமிழும் சேர்ந்துகொண்டே போயின. கடைசியில் ஒரு காதுகுத்தில் வெண்ணிலா கிடைத்தாள்.

"ஆபீசுக்கு லீவு சொல்லிட்டேம்மா" என்று கொட்டாவி விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறுபடி தூங்கினாள். செண்பகவல்லி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெண்ணிலா உதைத்தாள். போர்வை நகரவில்லை. இன்னொரு தரம் உதைத்தாள். அப்போதும் நகரவில்லை. மூடிவிட ஒன்றுமே இல்லை. இவ்வளவு நன்றாகத் தைத்திருக்க வேண்டாம் என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது.

மறுநாள் தெருக்கோடி வீட்டில் வளைகாப்பு. போர்வை புறப்படுமுன் அவளும் உள்ளே போய் மகளை அணைத்தபடி படுத்துக்கொண்டாள். ஆறுச்சாமி கதவைத் திறந்துவிட்டார்.

வளைகாப்புக்கு வந்திருந்த தாராபுரத்து அம்மாள் ஒருத்திக்கு அவர்கள் கிடைத்தார்கள். அந்த அம்மாள் பஸ் ஏறி, எத்தனை டிக்கெட் என்று கண்டக்டரைக் கேட்டாள்.

"தாம்பூலத்துக்கு டிக்கெட் இல்லீங்க. மடியில வெச்சுக்குங்க. கால் மட்டும் வழியில நீட்டாமப் பாத்துக்குங்க."

அந்த அம்மாள் போர்வையின் குட்டைப் பக்கத்தில் வெளியே தெரிந்த செண்பகவல்லியின் கால்களை உள்ளே தள்ளி, மூடிவிட்டாள்.