மூன்று மஞ்சள் நோட்டுகள்

ஆலோசகர் அம்மையார் மேசை இழுப்பறையிலிருந்து மஞ்சள் அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். ஏதோ சர்வரோக நிவாரணி போல அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இனிமே நீங்க ரெண்டு பேரும் நேர்ல பேசக் கூடாது. போன் கூடாது. குழந்தைங்களைப் பத்தி எதுவா இருந்தாலும் இந்த நோட்டுல எழுதுங்க. இப்போதைக்குக் குழந்தைங்க வாரம் ஒருத்தர் வீட்டுல; அந்த வாரம் வெச்சிருக்கிறவங்க வெள்ளிக்கிழமை காலைல எழுதிப் பெரியவ பையில போடுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் ஆபீஸ்ல குழந்தைங்களோட நோட்டும் கைமாறும்."

எதிரே பல் டாக்டர் கணவர். அவருக்கும் அவர் மனைவியான கட்டட வரைபடக்காரிக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி, அதன் மேல் டிஷ்யூ பெட்டி. விவாகரத்து பாதி தூரம் வந்திருந்தது.

"ஆறு மாசம் கழிச்சு நோட்டைப் படிச்சுட்டு கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதுவேன். ஒத்துழைப்பு இருந்தா குழந்தைங்க ரெண்டு பேரும் சேர்ந்தே வாரம் ஒரு வீடு. இல்லேன்னா ஆளுக்கொண்ணு. பெரியவ அம்மாகிட்ட, சின்னவ அப்பாகிட்ட. அதுவும் ஒரு நல்ல மாடல்தான்."

கதவுக்கு வெளியே பதின்மூன்று வயதுப் பெரியவள் நின்றிருந்தாள். அவள் சட்டை நுனியைப் பிடித்தபடி ஆறு வயதுப் பொடிசு. கதவு மெல்லியது. ஆலோசகரின் குரலோ மேடைக்குப் பழகிய குரல்.

"ஆளுக்கொண்ணுன்னா என்னக்கா?" என்றாள் பொடிசு.

"ஒண்ணுமில்ல. மூக்கைத் துடை."

முதல் வெள்ளிக்கிழமை. பள்ளி நூலகத்தில், மதிய இடைவேளையில், பெரியவள் நோட்டைத் திறந்தாள். அப்பா எழுதியிருந்தார்:

'தாங்கள் அனுப்பிய குழந்தைகள் கிடைத்தன. தலையில் சீப்பு பட்டு எத்தனை நாள் ஆனது என்று தெரிவித்தால் நன்று.'

அம்மா இதற்குச் சும்மா இருக்கப் போவதில்லை. ஆறு மாதம் வேண்டாம், ஆறு நாளில் ஆளுக்கொன்றாகிவிடும்.

பள்ளிக்கு எதிரே இருந்த கடைக்கு ஓடினாள். அதே மஞ்சள் அட்டையில் இன்னும் இரண்டு நோட்டுகள் வாங்கினாள்.

ஏற்பாடு எளிமையானது. ஒரு நோட்டு அப்பாவுக்கு. அதில் அப்பா எழுதியது நிஜம், அம்மாவின் பதில் இவள் கைவண்ணம். இன்னொன்று அம்மாவுக்கு. அதில் அம்மா எழுதியது நிஜம், அப்பாவுடையது இவளுடையது. மூன்றாவது ஆலோசகருக்கு. அதில் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை எல்லாமே டூப்பு.

அம்மாவின் கையெழுத்து ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி இருக்கும். அப்பாவுடையது எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்தது மாதிரி. இரண்டுமே சுலபம்.

அம்மாவின் நோட்டில் 'அப்பா' எழுதினார்: 'குழந்தைகள் சந்தோஷமாக வந்தார்கள். நன்றி.'

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவின் நிஜப் பதில் வந்தது: 'திடீர் மரியாதைக்குக் காரணம்? வக்கீல் சொல்லிக் கொடுத்தாரா? பெரியவளுக்குக் கடைவாயில் சொத்தை. ஊரார் வாயையெல்லாம் அடைக்கிறவர் சொந்த மகள் வாயையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.'

பெரியவள் பெருமூச்சு விட்டாள். அப்பாவின் நோட்டில் 'அம்மா' எழுதினாள்: 'பெரியவளுக்குப் பல் வலி. உங்களைவிட நன்றாகப் பார்க்க யாரால் முடியும்?'

அன்று மாலையே அப்பா அவளை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னார். ஊசி போடும்போது சீட்டியடித்தார். ஊசி அவளுக்கு, சந்தோஷம் அவருக்கு.

வாரங்கள் ஓடின. 'தாங்கள்' போய் 'நீங்கள்' வந்தது. 'நீங்கள்' போய் அப்பாவிடமிருந்து ஒருநாள் 'நீ' என்றே வந்துவிட்டது. ஆறு மாதம் முடிந்ததும் ஆலோசகர் நோட்டைக் கேட்டார். பெரியவள் மூன்றாவது நோட்டைக் கொடுத்தாள். அதில் அவள் ஒரு தப்பு செய்திருந்தாள். ஆலோசகருக்குப் புரியட்டுமே என்று அப்பாவின் கையெழுத்தைக் கொஞ்சம் திருத்தமாக எழுதிவிட்டாள்.

ஆலோசகர் படித்தார். இருபது வருட அனுபவத்தில் அவர் முறை முதல் தடவையாக வேலை செய்திருந்தது! உடனே ஒரு பயிற்சி முகாம் ஏற்பாடானது. நாற்பது ஆலோசகர்கள், ஒரு ஒலிபெருக்கி, ஒரு வெள்ளைத் திரை. முதல் வரிசையில் பல் டாக்டர், வரைபடக்காரி, நடுவில் இரண்டு குழந்தைகள். பெரியவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இதோ, முன்மாதிரிப் பெற்றோர்!" திரையில் நோட்டுப் பக்கம் பளிச்சென்று விரிந்தது. "சார், நீங்க எழுதினதை நீங்களே படிங்க!"

டாக்டர் எழுந்து கண்ணாடியைச் சரி செய்தார்.

"'கணக்குப் பரீட்சைக்கு நீ சொல்லிக் கொடுத்த விதம் அருமை. உன் பொறுமைக்கு...'" நிறுத்தினார். "இது நான் எழுதலை."

"தன்னடக்கம்!" என்றார் ஆலோசகர். கைதட்டல்.

"தன்னடக்கமெல்லாம் இல்ல மேடம். இதைப் படிக்க முடியுது. நான் எழுதினதை நானே படிச்சது கிடையாது."

வரைபடக்காரி திரையை உற்றுப் பார்த்தாள். "கீழ நான் இவருக்கு நன்றி சொல்லியிருக்கேனா? பதினாலு வருஷத்துல சொன்னதில்லையே!"

பெரியவள் எழுந்தாள். "இதை நான்தான் எழுதினேன்." பையிலிருந்து மற்ற இரண்டு நோட்டுகளையும் எடுத்து மேசையில் வைத்தாள். கணவன் கையில் மனைவியின் நோட்டு, மனைவி கையில் கணவனின் நோட்டு.

"ஊரார் வாயை அடைக்கிறவரா? நீதான் எழுதினியா இதை?"

"குழந்தைங்க கிடைத்தனவா? அதுங்க என்ன பார்சலா?"

நாற்பது பேனாக்கள் பரபரவென்று குறிப்பெடுத்தன. ஆலோசகர் தேநீர் இடைவேளை அறிவித்துவிட்டு, நால்வரையும் பக்கத்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"மோசடி! ஒத்துழைப்பு பூஜ்யம். ரிப்போர்ட்ல வேற வழியே இல்ல. ஆளுக்கொண்ணு."

பொடிசு அக்காவின் பின்னலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மேடம்," பெரியவள் ஓரடி முன்னால் வந்தாள். "கடைசி மூணு வாரம் நான் எதையும் மாத்தலை. அவங்க எழுதினதை அப்படியே பார்த்து மறு நோட்டுல எழுதினேன், அவ்வளவுதான். அப்பா நோட்டுல கடைசிப் பக்கம் பாரும்மா."

அம்மா புரட்டினாள். எறும்பு நடந்த எழுத்து. மருந்துக்கடைக்காரருக்கு அடுத்தபடி அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

'பொடிசுக்குக் காய்ச்சல். அக்கா பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் மாத்திரையை விழுங்கினாள். இவர்களைப் பிரிக்க நான் சம்மதிக்க மாட்டேன். நீயும் சம்மதிக்காதே.'

போன வாரம் தன் நோட்டில் படித்தது வார்த்தைக்கு வார்த்தை இதேதான். அப்பாவும் மறு நோட்டில் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். ஸ்கேல் பிடித்த எழுத்து: 'புது வீட்டு வரைபடத்தில் இருவருக்கும் ஒரே அறை போட்டிருக்கிறேன். அங்கேயும் கட்டில்களைச் சேர்த்தே போடுங்கள்.'

"சேர்த்துதான் போட்டிருக்கேன்," என்றார் டாக்டர், நோட்டிலிருந்து தலை நிமிராமல்.

"தெரியும். பொடிசு சொன்னா."

வரைபடக்காரி ஆலோசகரிடம் திரும்பினாள். "மேடம், எங்களுக்குள்ள ஒத்துப்போகாது. அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா குழந்தைங்களைப் பிரிக்கிறதுக்கு நாங்க ரெண்டு பேரும் சம்மதிக்கல. அப்படியே எழுதுங்க."

"இல்லேன்னா," டாக்டர் மூடிய கதவைக் காட்டினார், "வெளியில நாற்பது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. ஆறு மாசத்து நோட்டுன்னு மேடம் எதைப் படிச்சாங்கன்னு நான் மைக்ல சொல்றேன்."

ஆலோசகர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

விவாகரத்து அடுத்த மாதமே கிடைத்தது. கணவனும் மனைவியும் கோர்ட்டிலிருந்து ஆளுக்கொரு லிஃப்டில் இறங்கினார்கள். குழந்தைகள் இருவரும் ஒரே லிஃப்டில், ஒரே பையை ஆளுக்கொரு காது பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

ஆலோசகரின் அறைச் சுவரில் இப்போது ஒரு புதுச் சான்றிதழ் தொங்குகிறது: 'மும்முனை நோட்டு முறை. கண்டுபிடிப்பு: அம்மையார்.' கீழே நாற்காலியில் புதிதாக ஒரு தம்பதி, நடுவில் டிஷ்யூ பெட்டி. அம்மையார் இழுப்பறையிலிருந்து மூன்று மஞ்சள் நோட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி," என்றார். "உங்க மூத்த குழந்தைக்குக் கையெழுத்து எப்படி?"