வாடகைக்கு வந்த யானை

யானை குளிக்கப் போயிருக்கிறது, வந்ததும் கூப்பிடச் சொல்கிறேன் என்றேன். மறுமுனையில் என் மகள் கொஞ்சம் யோசித்தாள். யோசிக்கும்போது அவள் மூக்கால் விடும் மூச்சு போனில் புஸ் புஸ்ஸென்று கேட்கும். பெரிய கேள்வி ஏதோ தயாராகிறது என்று அர்த்தம்.

"எந்த பாத்ரூம்ல குளிக்குது?"

"நம்ம பாத்ரூம்லதான். சோப்பு முழுசும் ஒரு காதுக்கே தீந்துபோச்சாம்."

"என் டவல எடுத்துச்சா?"

"அது அதுக்குக் கைக்குட்டை. மூக்கத் துடைச்சு மடிச்சு வச்சிருக்கு."

"அய்யே. துவைச்சு வைக்கச் சொல்லுப்பா. இல்லன்னா வந்து தும்பிக்கையில முடிச்சுப் போட்டுருவேன்."

அவளுக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறைக்குக் கடற்கரை ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். போயிருந்தாள் என்பதைவிட அனுப்பி வைத்திருந்தோம் என்பதுதான் சரி. என் மனைவி மாசமாக இருந்தாள். ஏழாவது மாதம் தொடங்குவதற்குள் டாக்டர் முகத்தைச் சுளித்து, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு எட்டு வயது வாலை வைத்துக்கொண்டு யாராவது படுத்துக் கிடக்க முடியுமா? நான் லிஃப்ட் மெக்கானிக். இருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். சமையல், துவையல், மனைவிக்குத் தலையணை மாற்றுவது, சாயங்காலமானால் மகளிடம் போனில் புளுகுவது, இவைதான் என் அன்றாட வேலைகள்.

யானை எங்கள் வீட்டுக்குக் குடிவந்ததே அவள் கிளம்பிய அன்றைக்குத்தான். செருப்பை மாட்டிக்கொண்டவள் திரும்பி வந்து, "நான் இல்லாதப்ப என் கட்டில்ல யாரும் படுக்கக் கூடாது" என்றாள். அம்மாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "அடடா, அத ஒரு யானைக்கு வாடகைக்கு விடறதா வாக்குக் குடுத்துட்டேனே" என்றேன். முறைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போய் பஸ் ஏறினாள்.

எங்கள் வீட்டில் இப்படித்தான் பேச்சே. உண்மையை மட்டும் பேசுகிற வீடுகளுக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும். என் மனைவியும் லேசுப்பட்டவள் இல்லை. பழுதான லிஃப்டுக்குள் சிக்கியிருந்த அவளை நான்தான் மீட்கப் போனேன். கதவிடுக்கு வழியாக, "பயப்படாதீங்க" என்றேன். "பரவாயில்ல, மெதுவாவே பண்ணுங்க, நான் இங்க ரேஷன் கார்டுக்கே எழுதிக் குடுத்துட்டேன்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அந்தக் குரலைத்தான் கட்டிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் பிறந்தது வேறு எப்படி இருக்கும்? கடலுக்கு இன்றைக்கு லீவு, தண்ணீரையெல்லாம் மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள் என்பாள். திமிங்கலம் வந்து சித்தி வீட்டுக் காலிங் பெல்லை அடித்தது என்பாள். "நான் கதவத் திறக்கலப்பா. தெரியாதவங்களுக்குத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கல்ல." ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதே என்று கையைக் காட்டுவாள்.

ஒரு நாள் மகள், இனி வீட்டுக்கே வரப்போவதில்லை, கடல் தன்னைத் தத்து எடுத்துக்கொண்டது என்று அறிவித்தாள். நான் விடவில்லை. "வராம இருந்தா எப்படி? தம்பி பொறந்துட்டான். துணி துவைக்க ஆள் இல்ல" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

"அம்மா மேல சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமா."

மனைவி தலையணையை என்மேல் எறிந்தாள். போனில் கடல் இரைச்சல்தான் கேட்டது. பிறகு, "அப்ப என் கட்டில்?" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. அது என் மகளின் வழக்கமான குரலே இல்லை. யானை காலி பண்ண மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்று நான் அவசரமாகச் சொன்ன பிறகுதான், "போப்பா, புளுகுமூட்டை" என்று பழைய குரல் திரும்பியது.

"அவளுக்கு உள்ளுக்குள்ள பயம் இருக்குங்க" என்றாள் மனைவி. "இடம் போயிருமோன்னு."

"யானைகிட்ட பேசிக்கிறேன்" என்றேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலை, நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது மனைவி என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட விதத்திலேயே அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அதற்குப் பிறகு எல்லாமே கதவுகள். ஆம்புலன்ஸ் கதவு, ஆஸ்பத்திரிக் கதவு, என்னை வெளியே நிறுத்திவிட்டு மூடிக்கொண்ட பச்சைக் கதவு. கதவு திறப்பதும் மூடுவதும்தான் என் பிழைப்பு. ஆனால் அந்தக் கதவை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மத்தியானத்துக்கு முன்பே டாக்டர் வெளியே வந்தார். ஆண் குழந்தை, ஒரு கிலோகூட இல்லை, அம்மா நன்றாக இருக்கிறாள் என்றார். "இப்போதைக்கு மூச்சு இருக்கு. ஒவ்வொரு நாளா பாப்போம்."

என்னை முழங்கை வரை கை கழுவச் சொல்லி உள்ளே கூட்டிப்போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் இருந்தான். நான் மனிதன் செய்த இயந்திரங்களை மட்டுமே நம்பி வாழ்கிறவன். எதைத் திறந்தாலும் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். இவனைப் பார்த்து எனக்கு ஒன்றுமே புரியவில்லை. தோல் வழியாக நரம்புகள் தெரிந்தன. பாதம் என் கட்டைவிரலின் மேல் கணு அளவுதான், அதிலும் நகங்கள் இருந்தன. நகம்கூட மறக்காமல் வைக்கப்பட்டிருந்தது. மூக்கில் பொருத்திய வளைந்த குழாய் புஸ் புஸ்ஸென்று காற்றைத் தள்ள, ஒரு தீப்பெட்டி அகல மார்பு ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மறுபடி ஏறுமா என்று நான் காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் ஏறியது. எத்தனை மாடிக் கட்டடங்களில் எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன், இப்படி ஒரு ஏற்றத்தை நான் பார்த்ததில்லை. பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். பயத்தில் பாதி, மீதி என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மனைவியை வார்டுக்குக் கொண்டுவந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி குழந்தையைப் பற்றி. இரண்டாவது மகளைப் பற்றி.

"அவள வரச் சொல்லுங்க. இன்னிக்கே சொல்லுங்க."

"கொஞ்சம் தேறட்டுமே. இப்படிப் பாத்தா பயந்துருவா."

"தேறலன்னா?" என்றாள். அவள் அழவில்லை. "உனக்கு ஒரு தம்பி இருந்தான்னு நாம பின்னால வாயால சொன்னா அவ நம்புவாளா? நம்ம வாய நம்புவாளா? அவ கண்ணால பாக்கணும்ங்க."

சாயங்காலம் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தபோது வழக்கமான நேரத்துக்கு போன் வந்தது.

"யானை என்னப்பா பண்ணுது?"

"பாப்பா, இன்னிக்கு யானை இல்ல. தம்பி பொறந்துட்டான்."

"மறுபடியுமா?" என்று சிரித்தாள்.

"இல்லடா, நிஜமா."

"எவ்ளோ பெருசு?"

"சின்னவன். என் விரல் நுனியிலேர்ந்து முழங்கை வரைக்கும்கூட இல்ல."

"அப்புறம்?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. குளிராம இருக்க உள்ள சூடு இருக்கு. மூக்குல குழாய் வச்சுத்தான் மூச்சு விடறான்."

"யானை மாதிரியா?" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப அவன்தான் யானை. சூப்பர்ப்பா. பழைய யானையவிட இது நல்லா இருக்கு. அப்புறம்?"

சத்தியமா என்று சொல்லலாம்தான். அதைச் சோப்புக்கும் டவலுக்கும் செலவழித்துவிட்டிருந்தேன். அம்மா மேல் சத்தியத்தையும் சில நாட்களுக்கு முன்பே விளையாட்டுக்கு விட்டாயிற்று. அந்தப் பொய்ச் சத்தியம்தான் அவன் இப்படி அவசரமாக வரக் காரணமோ என்றுகூட அந்தப் படியில் நின்று பயந்தேன். மூளை இல்லாத பயம்தான், ஆனாலும் பயந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக என் மகளிடம் அளந்து அளந்து உண்மை பேசிக்கொண்டிருந்தேன், அது நான் சொன்னதிலேயே அருமையான புளுகாகப் போய்க்கொண்டிருந்தது. "கண்ணு, அப்பாவ நம்புடா" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

"அழற மாதிரிகூட நல்லா பண்றியேப்பா" என்றாள் மகள்.

சித்தியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். நான் இரண்டு வார்த்தை சொன்னதுமே சித்தி, "காலைல முத பஸ் புடிச்சு வந்துர்றோம் மாமா" என்றாள், வேறொன்றும் கேட்கவில்லை. பின்னால் மகள், "சித்தி, நீயும் இதுல கூட்டா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினாள். இடுப்பில் நீச்சல் வளையம். தலைமுடியில் மணல். அப்பாவின் பெரிய நாடகத்துக்கு இவள் தரப்பு வேஷம் அது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டு, சுற்றிலும் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வந்துட்டியா? இவ்ளோ பேர் எதுக்குப்பா, செலவு பண்ணாத" என்று என் காதில் சொன்னாள். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லிஃப்டில் ஏறினோம். வழக்கமாக லிஃப்டில் ஏறினால் நான் அது எப்படி ஓடுகிறது என்று அவளுக்கு வகுப்பு எடுப்பேன். அன்றைக்கு எடுக்கவில்லை. அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். மாடியில் இறங்கும்போது வளையத்தைத் தானாகவே கழற்றிச் சித்தியிடம் கொடுத்தாள்.

அந்தப் பிரிவில் இருந்த மூத்த நர்ஸ் கண்டிப்பானவர். சளி இருக்கிறதா, காய்ச்சல் வந்ததா என்று குடைந்து கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். மணல் இருந்த தலைக்கு ஒரு தொப்பியும் முகத்துக்கு ஒரு கவசமும் மாட்டினார். கையை முழங்கை வரை, விரலிடுக்கு உட்பட, அவரே நின்று கழுவ வைத்தார். "அக்கா குரல் கேட்டா அவனுக்கு நல்லதுதான். மெதுவா பேசணும், என்ன?" என்றார். அக்கா என்ற வார்த்தை கேட்டதும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை. பிடி இறுகியிருந்தது.

என் மனைவி சக்கர நாற்காலியில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். மகளைப் பார்த்ததும் கையை நீட்டினாள். மகள் அம்மாவிடம் போகவில்லை. பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். பெட்டிக்குள் அவளுக்கு அவன் தெரிந்துவிட்டான்.

அவள் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை. தூக்கத்தில்கூட உதைப்பவள். இப்போது முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் இமைக்காமல் இருந்தன. அவள் கண் அவன் தொப்பியிலிருந்து மெதுவாக இறங்கி, மூடிய இமைகள், மூக்குக் குழாய், மார்பு, நகங்கள் என்று ஒவ்வொன்றாக நின்று நின்று போனது. நேற்று நான் தனியாக நடந்த அதே வழியில் என் மகள் நடப்பதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அப்பா" என்றாள், என்னைப் பார்க்காமலே. "நீ பொய்யே சொல்லல."

"இல்லடா."

"எல்லாமே நிஜமா?"

"எல்லாமே."

"வீட்டுக்கு வருவானா?"

நான் வாயைத் திறந்தேன். வருவான், யானைமேல் ஏறி ஊர்வலமாக வருவான் என்று சொல்லச் சுலபமான வாய்தான் இது. "தெரியலடா" என்றேன். மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். மகள் தலையாட்டிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியருகே போனாள். நர்ஸ் பக்கவாட்டில் இருந்த வட்டக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. மகள் அதனருகே குனிந்து, ரகசியக் குரலில் பேசினாள்.

"டேய். நான்தான் அக்கா. என் கட்டில நீயே வச்சுக்கோ." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அதுல ஏற்கனவே ஒரு யானை இருக்கு. அப்பா வாடகைக்கு விட்டுட்டாரு. நீ சீக்கிரம் வந்து சண்டை போட்டாதான் அது காலி பண்ணும். சத்தியமா. அம்மா மேல சத்தியமா."

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள் அவன் கால் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, மறுபடியும் மெல்லச் சுருங்கின.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறானே" என்றார் நர்ஸ்.

"உஷ்" என்றாள் மகள். காதை வட்டக் கதவருகே வைத்தாள். உள்ளே குழாய் புஸ் புஸ்ஸென்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது.

"யோசிக்கிறான்" என்றாள்.

நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம்.