ஒரு வாய் குறைந்த கேன்

தெய்வானைக்கு அன்று யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை. தன் மூத்திரத்தைக் கேனில் அடைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகிற கொடுமை வேறெந்தப் பெண்ணுக்காவது வாய்த்திருக்குமா? அதுவும் தெருவுக்குத் தெரு ஆமிக்காரன் மறித்துச் சோதிக்கிற இந்தச் சண்டைக் காலத்தில்! கொட்டாஞ்சேனையில் பரிசோதனை நிலையம் இல்லாமலா போயிற்று? கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களாம். அப்பாவின் சட்டம் அது.

அவள் அப்பா அழகுமுத்து, ஒருகொடவத்தை கண்டெய்னர் யார்டில் மூட்டை இறக்குகிறவர். எந்தப் பாரத்துக்கும் அசராத மனுஷன், மகளுக்குக் கிட்னியில் கோளாறு என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்று நடுங்கிச் செத்தார். பின்னே, கலியாணம் பேசி முடிகிற நேரம். மாப்பிள்ளை மட்டக்குளியில் இருந்தான். அவனுடைய சின்னம்மா ராக்கம்மா, தோட்டம் என்று கொழும்பில் சொல்கிற இவர்களுடைய குடியிருப்பிலேயே, அதே லைன் வீட்டு வரிசையில் இருந்தாள். பெண்ணைப் பிடித்துக்கொடுத்ததே அவள்தான். “புள்ள முன்ன ஈர்க்குச்சி மாதிரி இருந்தா, இப்ப பூசினாப்புல எவ்வளவு லட்சணமா இருக்கா!” என்று கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பூசினாற்போல் இருந்ததுதான் நோய் என்று யார் அவளுக்குச் சொல்வது?

டாக்டர் அதை நன்றாக விளக்கியிருந்தார். “இதுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் எண்டு பேர். கிட்னி ஒரு தேத்தண்ணி வடி மாதிரி, பிள்ளை. கழிவை வெளிய விட்டிட்டுப் புரதத்தை இரத்தத்திலயே பிடிச்சு வைக்கவேணும். உம்மட வடியில ஓட்டை பெருத்திட்டுது. புரதம் மூத்திரத்தோட போகுது, அதுதான் நுரை. இரத்தத்தில புரதம் குறைஞ்சா தண்ணி கசிஞ்சு உடம்பில தங்கும், அதுதான் வீக்கம்.”

காலையில் கண் திறக்க முடியாமல் இமை ஊதிக் கிடந்ததும், பொழுது சாய்ந்தால் காலில் விரலை அழுத்திய இடம் குழியாகவே நின்றதும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அம்மா மயிலம்மாவுக்கு விளங்கியது வேறு. புரதம் போகிறதா, அப்போது அதற்கு மேல் போட்டால் சரி என்று முட்டையாக அவித்துத் திணித்தாள். அளவாகச் சாப்பிட்டால் போதும், உப்பைத்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டர் அதட்டின பிறகே விட்டாள்.

மாதக்கணக்காக பிரெட்னிசலோன் குளிசை விழுங்கியாயிற்று. பசி பேயாய் எடுத்தது, முகம் இன்னும் உருண்டது, புரதம் மட்டும் நிற்கவில்லை. “வேற மருந்து தொடங்கவேணும். அது பொல்லாத மருந்து, உத்தேசத்துக்குக் குடுக்க ஏலாது,” என்றார் டாக்டர். “ஒரு நாள் முழுக்கப் போற மூத்திரத்தை ஒரு சொட்டும் விடாமல் சேர்த்துக் குடுத்து, வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டோட வாரும். தவறவிட்டா அடுத்த மாசக் கிளினிக்தான்.”

ஒரு சொட்டும் விடாமல்! தோட்டத்துக்கே பொதுவான கக்கூசில், வரிசையில் நின்று, கேனை வாளிக்குள் ஒளித்து, மேலே துணியைப் போட்டு... முதல் தடவை பாதி நாள் சேர்த்ததை, ராக்கம்மா திடீரென்று வீட்டுக்குள் வந்ததும் அம்மா பதறிப்போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். தெய்வானை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இரண்டாவது தடவைதான் ஒழுங்காகச் சேர்ந்தது. அது போய்ச் சேர வேண்டிய வியாழக்கிழமை இது.

அப்பாவோடு பஸ்ஸில் ஏறினால், சனியன், அதே பஸ்ஸில் ராக்கம்மா!

“என்னாண்ணே, அப்பனும் மகளும் கேனைத் தூக்கிக்கிட்டு எங்க?”

அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “கோமியம் தாயி. வெள்ளவத்தையில ஒரு வீடு பால் காய்ச்சுறாங்க. தெளிக்கக் கேட்டாங்க.”

தெய்வானைக்கு மண்டைக்குள் விண்ணென்றது. பெற்ற மகளை மாடாக்கிவிட்டாரே மனுஷன்!

பம்பலப்பிட்டியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். ஆமிக்காரன் கேனைத் தட்டிப் பார்த்தான், மூடியைத் திறந்து மோந்தான், மூக்கைச் சுளித்தான். “மொகத்த மே?” என்ன இது என்று கேட்டான்.

அப்பா வாயெடுக்கும் முன்னே உதவிக்கு வந்தாள் புண்ணியவதி ராக்கம்மா. அது மாட்டு மூத்திரம் மாத்தயா, எங்கள் சாமிக் காரியத்துக்கு, தெளிப்போம், குடிக்கவும் குடிப்போம் என்று சிங்களத்தில் அடுக்கினாள்.

“பொனவாத?” ஆமிக்காரன் சிரிக்கவில்லை. “எஹெனங் பீலா பென்னன்ன.”

குடிப்பதென்றால் குடித்துக் காட்டு. தண்ணீர்ப் போத்தலையே குடித்துக் காட்டினால்தான் விடுகிற காலம்.

“அப்பா, வேணாம். உள்ளதச் சொல்லுங்க!” என்று தெய்வானை அவர் காதோடு சொல்லிச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் ராக்கம்மாவைப் பார்த்தார். கேனைத் தூக்கினார். ஒரு வாய் குடித்தார், விழுங்கினார். தொண்டை ஏறி இறங்குவதைத் தெய்வானை கண்ணால் கண்டாள். ஆமிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போ என்று கையசைத்தான்.

அதோடு விட்டதா? பஸ்ஸில் திரும்ப ஏறியதும் ராக்கம்மா பையிலிருந்து ஒரு காலிப் போத்தலை எடுத்து நீட்டினாள். “எனக்கும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே. நாளைக்கு வெள்ளிக்கிழம, வீட்டுல தெளிச்சிடுறேன்.”

அப்பா மறுபடி மூடியைத் திருகத் தொடங்கினார். அதுதான் தாங்கவில்லை. தெய்வானை கேனைப் பிடுங்கினாள்.

“இது மாடு பேஞ்சது இல்ல அத்த, நான் பேஞ்சது! எனக்குக் கிட்னி வருத்தம். பூசினாப்புல இருக்கேன்னீங்களே, அது வீக்கம். போங்க, போய் எல்லாருக்கும் சொல்லுங்க!”

ராக்கம்மா போத்தலைப் பைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று பஸ்ஸின் முன்பக்கம் போனாள். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. தெய்வானைக்கு அதுகூட வலிக்கவில்லை.

“ஏம்ப்பா, என் வருத்தத்தச் சொல்றதவிட என் மூத்திரத்தக் குடிக்கிறது ஒங்களுக்கு லேசாப் போச்சா? நான் அவ்வளவு கேவலமா?” என்று கேட்டாள்.

வெள்ளவத்தைப் பரிசோதனை நிலையத்தில் ஷபீகா என்ற பெண் கேனை வாங்கினாள். “ஒரு நாள் போனது எல்லாம் இதில ஈக்கா மகள்?”

ஓம் என்று சொல்லிவிடலாம். ஒரு வாய்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? அப்பாவும் முழங்கையால் இடித்தார். ஆனால் அந்தப் பொல்லாத மருந்து இந்தக் கணக்கை வைத்துத்தான் அவள் உடம்புக்குள் போகும்.

“ஒரு வாய் குறையும்,” என்றாள்.

“கொட்டுப்பட்டதா?”

“இல்ல. அப்பா குடிச்சிட்டார்.”

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஷபீகா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு வெறும் கேனைத் தள்ளி வைத்தாள். “கொறஞ்சா எடுக்க ஏலா மகள். திரும்பச் சேத்துக் கொண்டு வாங்க.”

நாளைய கிளினிக் போயிற்று. இன்னும் ஒரு மாதம் வீங்கிக்கொண்டு கிடக்க வேண்டும். தெய்வானைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வெறும் கேனை எடுத்து அப்பாவின் கையில் திணித்தாள்.

“இனி இத ஒளிக்க மாட்டேன். கக்கூசு வரிசையில இதக் கையில வச்சிக்கிட்டுத்தான் நிப்பேன். யாராச்சும் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். இப்பவே சொல்லிப் பழகுங்க. என்னா வருத்தம்?”

“வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் புள்ள...”

“இங்கயே சொல்லுங்க.”

அழகுமுத்து சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. அந்த ஒரு வாயை விழுங்கியபோதுகூட அவர் இவ்வளவு திணறவில்லை.

“என் மகளுக்குக் கிட்னி வருத்தம்,” என்றார். “மூத்திரத்துல புரதம் போவுது.”